பதினொரு ஈக்கள்

எரோனிடா ட ரோசா நன்றாகச் சமைப்பாள் என்று அவள் தெருவில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அவள் வீட்டு அடுப்பில் வாரத்தில் இரண்டு நாள் கறுப்பு பீன்ஸ் வேகும். மற்ற நாளெல்லாம் ரொட்டியும் காப்பியும்தான். ஆனால் போர்த்தோ அலெக்ரி நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், உயிரியல் கட்டடத்தின் பின்கட்டில், இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டியாவதற்குக் கடற்பாசித் தூள். சாப்பிடுகிறவர்கள் ஐம்பதாயிரத்துக்குக் குறையமாட்டார்கள். ஒருவர்கூட இனிப்பு போதவில்லை என்று சொன்னதில்லை. எல்லாம் பழ ஈக்கள். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிக்கொண்டு நம் உயிரை வாங்குமே, சிவப்புக் கண் வைத்த பொடி ஈ, அதேதான்.

வேலைக்குச் சேர்ந்தது தாழ்வாரம் துடைப்பதற்கு. ஒரு நாள் துடைக்கும்போது, யாரோ தவறவிட்ட ஈ பாட்டில் ஒன்று படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. பஞ்சு மூடியைச் சரியாக அழுத்தி, எங்கே கிடந்தது, எத்தனை மணிக்கு எடுத்தாள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுற்றி, பேராசிரியர் இல்கா ஃபெல்டென்ஸின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பெரிய படிப்புப் படித்தவர்களே எழுதாத விஷயத்தைத் துடைப்பக்காரி எழுதியிருக்கிறாளே என்று இல்கா அசந்துபோனார். அடுத்த திங்கட்கிழமை எரோனிடாவின் கையிலிருந்த வாளி போய்க் கரண்டி வந்தது.

அந்த வேலையால் அவளுக்குச் சபையில் கெட்ட பெயரும் வந்தது. குடியைத் தொடாத பெந்தேகொஸ்தே சபை அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்காருகிற சகோதரி ஒடெத் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"சகோதரி, கர்த்தர் மனசைப் பாக்கறவரு, சரிதான். பக்கத்துல உக்காந்திருக்கிற என் மூக்கு எதைப் பாக்கும்? ஒங்க தலைமுடியெல்லாம் சாராய வாடை."

"நான் குடிக்கல சகோதரி," என்றாள் எரோனிடா. "ஈக்கு ஊத்திக் குடுக்கறேன்."

ஒடெத் அதை நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? ஆனால் அது முழு உண்மை.

கதை 1969இல் தொடங்கியது. மலைப்பக்கத்து ஒயின் கிடங்குகளில் வலை போட்டு இல்கா ஈ பிடித்து வந்தார். அழுகிய பழத்தில் பிழைக்கிற ஈக்குச் சாராயம் புதிதல்ல. பழம் புளித்தால் சாராயம்தானே. அதைச் செரித்துச் சக்தியாக மாற்ற ஈயின் உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியில் இரண்டு ரகம்: ஒன்று சுறுசுறுப்பு, ஒன்று மந்தம். எந்த ஈக்கு எது வாய்க்கும் என்பது தாய் தகப்பனைப் பொறுத்தது. கிடங்குக்குள் பிடித்த ஈக்களில் சுறுசுறுப்பு ரகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. சாராயம்தான் அதைத் தேர்ந்தெடுத்ததா, இல்லை தற்செயலா? அங்கேதான் இல்காவுக்குப் பொறி தட்டியது. பிடித்துவந்த ஈக்களை ஒன்றாகக் கலந்து, ஆறு வரிசைகளாகப் பிரித்தார். முதல் மூன்றுக்குச் சாராயம் கலந்த சோறு, அடுத்த மூன்றுக்கு வெறுஞ்சோறு. தலைமுறை தலைமுறையாக என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றார். ஈக்குத் தலைமுறை என்பது இரண்டு வாரம். மனுஷருக்குத்தான் அது பதினான்கு வருஷமாக நீண்டது.

ஈக்களின் அறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வரிசையானாலும் பிடித்துவந்த ஊரின் பெயரோ தொடங்கியவரின் பெயரோ, பக்கத்தில் வருஷமும். கரிபால்டி என்ற ஊரில் பிடித்தவை, கரிபால்டி 71 என்று ஒரு தட்டு. இல்கா 69 என்று ஆறு பாட்டில் ஜோடிகள், நடு அலமாரியில், கைக்கு எட்டுகிற உயரத்தில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, பழைய பாட்டிலிலிருந்து புதுச்சோறு போட்ட பாட்டிலுக்கு ஈக்களை மாற்றவேண்டும். பாட்டிலை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினால் ஈக்கள் அடியில் விழும். மேலே ஏறுவதற்குள் வாயோடு வாய் வைத்துக் கவிழ்க்கவேண்டும். எரோனிடா கவிழ்த்தால் ஒன்றுகூடத் தப்பாது. கவிழ்த்ததும் நோட்டில் தேதி போட்டு ஒரு சரிக்குறி. சாராயத்தையும் அவள்தான் கலப்பாள். சோறு கையைச் சுடாத பதத்துக்கு ஆறினபிறகுதான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் ஆவியாகப் போய்விடும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தந்து வந்ததல்ல. மூக்கு சொன்னது.

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் இல்கா அந்த நோட்டை எடுத்துக் காட்டுவார். "என் கண்ணைக்கூட நம்பமாட்டேன், எரோனிடாவோட நோட்டை நம்புவேன்" என்பார். எரோனிடா அண்டாவைப் பார்த்தபடி கேட்காதவள்போல நிற்பாள். காது மட்டும் சிவக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பள்ளிக்கூடம் போனவளுக்கு அதைவிடப் பெரிய பட்டம் எங்கே கிடைக்கும்?

1983இல் அந்தப் பட்டத்துக்கு ஆபத்து வந்தது. கொண்டுவந்தவள் மார்லீஸ். கெடுதல் நினைத்துக் கொண்டுவரவில்லை, பாவம்.

மார்லீஸ் கூன்ஸ்லெர், இருபத்தேழு வயது. புகையிலை பயிரிடுகிற குடும்பத்தில் முதன்முதல் நகரத்துக்குப் படிக்க வந்தவள். இல்காவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். உதவித்தொகை டிசம்பரோடு முடிந்துவிடும். காலையில் டீபோலக் குடிக்கிற மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. சுரைக்குடுவை ஒன்றுதான், உறிஞ்சுகிற குழல் ஒன்றுதான். பேராசிரியர், மாணவர், சமையற்காரி என்று பார்க்காமல் வட்டமாகச் சுற்றிவரும். மத்தியானம் மார்லீஸும் எரோனிடாவும் சமையற்கட்டில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். மார்லீஸுக்கு அம்மா ஊரிலிருந்து அனுப்புகிற தொத்திறைச்சி; எரோனிடாவுக்கு ரொட்டி. பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்வார்கள்.

மார்லீஸின் வேலை கண்ணைக் கெடுக்கிற வேலை. ஈயை ஒவ்வொன்றாக நசுக்கி, உருளைக்கிழங்கு மாவில் செய்த பாளத்தில் வைத்து, மின்சாரம் பாய்ச்சவேண்டும். ஈயின் நொதி பாளத்துக்குள் நகரும். சாயம் ஊற்றினால் அது ஓடி நின்ற இடத்தில் கோடு தெரியும். சுறுசுறுப்பு ரகம் தூரத்தில் நிற்கும், மந்தம் பக்கத்திலேயே தங்கிவிடும். சாராயச் சோறு தின்ற மூன்று வரிசையிலும் சுறுசுறுப்பு ரகம் ஏறிவிட்டிருந்தது. வெறுஞ்சோற்று வரிசைகளில் ஏறவில்லை. இவ்வளவும் இல்கா எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது ஒன்று வந்து சேர்ந்தது. மார்லீஸ் ஒரு ஒழுங்குக்காக, சாராயத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத வேறொரு நொதியையும் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையும் அதில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்றாம் வரிசையும் இரண்டாம் வரிசையும் மட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. மற்ற எந்த வரிசையிலும் இல்லாத ஒரு மெல்லிய கோடு இந்த இரண்டிலும் இருந்தது. பாளம் கெட்டுவிட்டதோ என்று திரும்பச் செய்தாள். ஐந்து மாசம் செய்தாள். கோடு போகவில்லை.

இல்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வரைபடத்தில் வேறொரு விநோதமும் இருந்தது. இரண்டாம் வரிசையில் சுறுசுறுப்பு ரகம் ஏழு வருஷம் நத்தைபோல ஊர்ந்து, ஒரே வருஷத்தில் ஒரு துள்ளுத் துள்ளி ஒன்றாம் வரிசையைப் பிடித்துவிட்டிருந்தது. அந்தத் துள்ளலுக்குக் காரணம் சொல்லி இல்கா முன்பே ஒரு கட்டுரையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இப்போது இந்த மெல்லிய கோடும் சேர்ந்தால்? சாராயம் ஒரு நொதியை மட்டும் மாற்றவில்லை, சம்பந்தமில்லாத இன்னொன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, அதுவும் தனித்தனியாக இரண்டு தடவை. அக்டோபர் மாநாட்டில் மார்லீஸ் இதைப் பேசுவது என்று முடிவாகியது.

அதற்கு ஒத்திகை வைத்தார்கள். பாட்டில் கழுவிய கையோடு எரோனிடாவும் பின்னால் நின்று கேட்டாள். மார்லீஸ் கரும்பலகையில் மூன்று பாட்டில் வரைந்து, நடுவில் சுவர்போலக் கோடு கிழித்தாள்.

"இந்த மூணு பாட்டிலும் பதினாலு வருஷமா ஒண்ணையொண்ணு பாத்ததே கிடையாது," என்றாள். "நாம சொல்றதுக்கு இருக்கிற பலமே அதுதான். தனித்தனியாப் போயும் ஒரே இடத்துக்கு வந்திருக்குன்னா, அது தற்செயல் இல்ல."

எரோனிடா கையிலிருந்த துணியை முறுக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள்.

1976 ஜூலை. கடுங்குளிர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவள் கணவன் வால்டோமீரோ நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தான். எரோனிடா நாலு நாள் லீவு எடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாலு நாள்தான். ஞாயிறு விடியும்போது அவன் போய்விட்டான், திங்களன்று அடக்கம். பிள்ளை குட்டி கிடையாது. செவ்வாய் காலை அவள் வேலைக்கு வந்தாள்.

வந்து பார்த்தால் இரண்டாம் வரிசை செத்துக் கிடந்தது, ஜோடியில் இரண்டு பாட்டிலும். அவள் இடத்துக்கு நின்ற பெண் செவ்வாய்வரை காத்திராமல் அந்த வரிசையை முந்தின நாளே மாற்றியிருக்கிறாள், அதுவும் ஏற்கனவே சாராயம் ஊற்றிய சோற்றில் மறந்துபோய் இன்னொரு தடவை ஊற்றி. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாரம் வைத்திருக்கவேண்டிய பழைய பாட்டில்களையும் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். வேலையில் ரொம்பக் கெட்டிக்காரிதான். இல்கா அந்த வருஷம் வெளிநாட்டில். அவர் இடத்தில் இருந்தவரோ, கரண்டி பிடிக்கத் தெரிந்த யாரும் இந்த வேலையைச் செய்யலாம், எரோனிடா திரும்பத் தாழ்வாரத்துக்குப் போகட்டும் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று.

பயந்து செய்தாள் என்று மட்டும் சொன்னால் அது அநியாயம். அவள் வளர்ந்த பக்கத்தில் ரொட்டிக்குப் போடுகிற புளித்த உருளைக்கிழங்குக் கரைசலைப் பாட்டிலில் வைத்து வளர்ப்பார்கள். ஒரு வீட்டில் அது செத்துவிட்டால் பக்கத்து வீட்டில் அரைக் கிண்ணம் வாங்கி வருவார்கள். மறுநாள் ரொட்டி வழக்கம்போல உப்பும். இது எங்கள் வீட்டுப் புளிப்பு அல்லவே என்று யாரும் உட்கார்ந்து அழுததில்லை. பக்கத்து வீட்டுப் புளிப்பும் ஒரு காலத்தில் இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும். ஆறு வரிசையும் ஒரே கூண்டிலிருந்து வந்த ஈக்கள்தானே? ஒன்றாம் வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்தாள், புதுச்சோற்றில் விட்டாள், பஞ்சை அழுத்தினாள். நோட்டில் தேதி போட்டுச் சரிக்குறி போட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்வதற்கு வீட்டில்தான் யார் இருந்தார்கள்?

இப்போது கரும்பலகையில் அந்தச் சுவரைப் பார்த்ததும்தான், தான் எதில் ஓட்டை போட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. இருந்தாலும் மனசு ஒரு சந்து தேடியது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மார்லீஸிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்: எங்கேயாவது ஒரு ஊரில், ஒரு வரிசை செத்துப்போய், பக்கத்து வரிசையிலிருந்து எடுத்து வைத்தால் பெரிய தப்பா? மார்லீஸ் வாயில் தொத்திறைச்சியோடு யோசிக்காமலே சொன்னாள், அப்படியானால் அது இரண்டு வரிசை இல்லை, ஒன்றுதான், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஆமாம் சாமி போட ஒரு ஆள் கிடைத்ததாக நினைப்பது மாதிரி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எரோனிடாவும் சிரிக்கிறமாதிரி வாயை வைத்துக்கொண்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற அவளுக்கு இரண்டே மாசம் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விருந்து வைப்பார்கள், இல்கா அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்வார், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மார்லீஸ் மட்டும் பொய் என்று தெரியாத ஒரு பொய்யை ஊரறியச் சொல்லிவிட்டு வருவாள். பின்னால் வேறு யாராவது வேறு ஊரில் செய்து பார்த்து, வரவில்லையே என்பார்கள். அப்போது கெடுவது மார்லீஸின் பெயர். ஐந்து மாசம் அவள் கண் சிவக்கச் சிவக்கப் பாளத்தைப் பார்த்ததை எரோனிடா தினமும் பார்த்தவள். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஜெபம் செய்து பார்த்தாள். கர்த்தர் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல், அவளுக்கு ஏற்கனவே தெரிந்ததையே தெரிய வைத்தார்.

மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மார்லீஸ் ஏதோ பாட்டில் தேடிச் சமையற்கட்டுக்கு வந்தாள். எரோனிடா அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் சொல்லமுடியாது என்று தெரிந்ததால் அண்டாவைப் பார்த்தே சொன்னாள்.

"மார்லீஸ், ரெண்டாம் வரிசை எழுபத்தாறுலயே செத்துப்போச்சு. நான்தான் ஒண்ணாம் வரிசைலேர்ந்து ஈ எடுத்துப் போட்டேன். நோட்டுல எழுதல."

சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தாள். மார்லீஸ் சோளமாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கதவு உடைந்திருப்பதைக் கண்டவளின் முகம்.

"அந்தக் கோடு," என்றாள் மார்லீஸ். "நான் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன். அஞ்சு மாசம்."

எரோனிடாவின் கரண்டி அண்டாவுக்குள் நின்றுவிட்டது.

"அடி புடிக்குது, டோனா எரோனிடா," என்று, மூத்த பெண்களுக்குப் போடுகிற அந்த 'டோனா' மரியாதை குறையாமல், அண்டாவைக் காட்டிவிட்டு மார்லீஸ் எழுந்து போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அன்று முதல் தடவையாக அண்டா தீய்ந்தது.

ஒரு மணி நேரத்தில் இல்கா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் நோட்டு விரித்திருந்தது. ஜன்னலோரம் மார்லீஸ் நின்றாள். இத்தனை காலமும் எரோனிடாவை நீ, வா, போ என்று உரிமையோடு அழைத்த இல்கா, அன்று நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். அந்த ஒரு மரியாதையில் எரோனிடாவுக்குப் பாதி உயிர் போயிற்று.

"எந்தத் தேதி?"

"ஜூலை இருபது. செவ்வாய்க்கிழமை."

இல்கா பக்கத்தைப் புரட்டினார். சரிக்குறி அங்கே இருந்தது, மற்றச் சரிக்குறிகளைப் போலவே, கை நடுக்கம்கூட இல்லாமல்.

"எத்தனை ஈ எடுத்தீங்க?"

"பதினொண்ணு. பொட்டை ஏழு, ஆண் நாலு."

"ஏழு வருஷம் ஆச்சு. ஒரு குத்துமதிப்பா சொல்றீங்களா, எண்ணினீங்களா?"

"எண்ணினேன், ப்ரொஃபெஸோரா. அன்னிக்கு ஒரு வேலையையும் கண்ணால பாத்துச் செய்ய முடியல. எண்ணினா கை நிக்கும்னு எண்ணினேன். திங்கக்கிழமைதான் அவரை அடக்கம் பண்ணிட்டு வந்தேன்."

மார்லீஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அடக்கம் முடிஞ்ச மறுநாளே எதுக்கு வேலைக்கு வந்தீங்க?"

எரோனிடாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை பாட்டில் மாத்தற நாளாச்சே," என்றாள்.

இல்கா இழுப்பறையிலிருந்து தன் பழைய கட்டுரையை எடுத்து, துள்ளல் இருக்கிற வரைபடத்தை விரலால் தடவினார். இந்த இரண்டு பக்கத்தை எழுத எவ்வளவு பாடுபட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திருத்தம் அனுப்பவேண்டும் என்றார். பேனாவை எடுத்து எரோனிடாவிடம் நீட்டி, நடந்ததை அதே பக்கத்தில், இன்றைய தேதி போட்டு, உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றார். எரோனிடா எழுதினாள். ஆறு வரி எழுத அரைமணி நேரம் ஆயிற்று. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மார்லீஸ் மாநாட்டுக்குப் போகவில்லை. ஆய்வேடு மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. டிசம்பரோடு பணம் நின்றுவிடும் என்பதால், சாயங்காலப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டாள். எரோனிடாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. காலையில் மாத்தே சுரைக்குடுவை வரிசை தவறாமல் எரோனிடாவின் கைக்கு வந்தது. யாரையும் தாண்டிக் குடுவையைக் கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. கொடுக்கிற கை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தது. முதல் சுற்றிலேயே எரோனிடா "நன்றி" என்று சொல்லிக் குடுவையைத் திருப்பிவிடுவாள். நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். போதவில்லை. இருந்தாலும் சொன்னாள். மத்தியானம் தனியாக உட்கார்ந்து ரொட்டியை முழுதாகத் தின்றாள்.

அவளுடைய கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, கட்டடத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் இறைச்சி சுட்டு விருந்து வைத்தார்கள். இல்கா எழுந்து பேசினார். உழைப்பைப் பற்றிச் சொன்னார், காலந்தவறாமையைப் பற்றிச் சொன்னார், ஈக்களே கை தட்டும் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எரோனிடா அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மரத்தில் சாய்த்துவைத்த சட்டம்போட்ட பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, வராதது நியாயம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நியாயம் என்று தெரிந்தால் வலிக்காதா என்ன? நன்றாக வலித்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அழுதாள்.

அடுத்த செவ்வாய் அவளுடைய கடைசிச் செவ்வாய். புதுச்சோறு போட்ட பாட்டில்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஈக்களின் அறைக்குப் போனாள். நடு அலமாரியில் ஒன்றாம் வரிசை இருந்தது, மூன்றாம் வரிசை இருந்தது. இடையில் வெறும் பலகை. பாட்டில் வட்டமாகப் பதிந்த தடம் மட்டும் இருந்தது.

கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தாள். வேண்டாத ஈக்களைக் கொட்டுகிற அகன்ற வாய் ஜாடி ஒன்று மூலையில் உண்டு, உள்ளே சாராயம்தான். சாராயத்தில் பிழைக்கப் பழகினதுகளைச் சாராயத்திலேயே முக்கிவிட்டார்களா? தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை செத்த ஈக்களில் தெரிந்த முகம் தேடுகிறாளே என்று அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

"அங்க இல்ல," என்றாள் மார்லீஸ். வாசலில் எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "கீழ்த்தட்டுல பாருங்க."

கீழ்த்தட்டில், கரிபால்டி 71க்குப் பக்கத்தில், அந்த இரண்டு பாட்டிலும் இருந்தன. பழைய சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மார்லீஸின் சாய்ந்த கையெழுத்தில் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. எரோனிடா எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அப்படித்தான் படித்தாள். எரோனிடா, ஜூலை 76. கீழே பொடியாக: ஒன்றாம் வரிசையிலிருந்து, பெண் 7, ஆண் 4.

"இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" என்றாள்.

மார்லீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இல்காவிடம் சண்டைபோட்டு வாங்கினாளாம். பிரிந்த நாளும், எத்தனை ஈயாகப் பிரிந்தது என்பதும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த வரிசை இந்த அறையில் இன்னொன்று இல்லை. ஒரே வீட்டிலிருந்து பிரிந்த இரண்டு குடும்பம், ஒரே சோறு தின்றாலும், சும்மா இருந்தே எவ்வளவு விலகிப்போகும் என்று இதில் பார்க்கலாம். ஆய்வேட்டில் இதற்குத் தனி அத்தியாயம்.

எரோனிடா சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "என் பேரு போட்டிருக்கிறது திட்டறதுக்கா, பாராட்டறதுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல. யாரு ஆரம்பிச்சாங்களோ அவங்க பேரு. இந்த ரூமு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா?" மார்லீஸ் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "எனக்குக் கோவம் போகல, டோனா எரோனிடா. போறதுக்கு இன்னும் நாளாகும்."

"ஆகட்டும் பொண்ணே," என்றாள் எரோனிடா.

மார்லீஸ் போய்விட்டாள். எரோனிடா ஒன்றாம் வரிசையில் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றினாள். கீழ்த்தட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். ஜூலை 76 என்று எழுதியிருக்கிற இன்னொரு இடம் ஊருக்கு வெளியே மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே சிமெண்டுக் கல்லில் வால்டோமீரோவின் பெயர். ஏழு வருஷமாக அந்த மாசம் அவளுக்குச் சாவின் மாசம், பொய்யின் மாசம். அந்த மாசத்தில் தன் கையால் பிழைத்ததும் ஒன்று உண்டு, அது பெருகி இருநூறு தலைமுறையை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்றுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பாட்டிலை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டாள், சரிக்குறி போட்டாள். போட்டபிறகு, யாரும் கேட்காமலே, பக்கத்தில் எழுதினாள்: மாற்றியது நான்தான், எல்லாம் உயிரோடு இருக்கின்றன.